உத்தரவா, நிலவரமா?

காங்கேயத்தை அடுத்த சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலின் முன்மண்டபத் தூணில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் வந்து ஆண்டவர் என்ன பொருளைச் சொல்கிறாரோ, அது அதற்குள் வைக்கப்படும். அடுத்த உத்தரவு இன்னொருவர் கனவில் வரும்வரை அது அங்கேயே இருக்கும். இத்தனை நாள் என்று கணக்கில்லை. மண், தண்ணீர், தங்கம், மஞ்சள் என்று எத்தனையோ வந்து போயிருக்கின்றன.

பெட்டியில் பொருள் மாறினால் அந்தச் சேதி காங்கேயம் முழுக்கப் போனிலேயே பரவிவிடும். களத்தில் கொப்பரையைத் திருப்பிவிட்டுக்கொண்டிருப்பவர் கையைத் துடைத்துவிட்டுப் படத்தைப் பார்ப்பார். "மஞ்சளாமா? அப்ப விலை ஏறுமா, எறங்குமா?" அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கடவுளை முதலில் வைக்கிறோமா என்று நம் ஊரை எடைபோட இந்த ஒரு கேள்வி போதும்.

பெட்டியில் வைக்கும் பொருள் வரப்போவதைக் காட்டும் என்பது நம்பிக்கை. அது பலித்தது என்பதற்கு எல்லோரும் எடுத்துச் சொல்வது தண்ணீரை. அதை வைத்த பிறகுதான் 2004 சுனாமி வந்தது என்பார்கள். ஆனால் விலை ஏறினாலும் பலித்தது, இறங்கினாலும் பலித்தது என்றால் அதைக் குறி என்று எப்படி ஏற்பது? நடந்த பிறகு பொருத்திப் பார்த்தால் எதுவும் பொருந்தும். வெளிப்பூசையைக் கடிந்து பாடிய சிவவாக்கியர் வழிபட்ட மலை என்று சொல்லப்படும் இடத்தில் இதைக் கேட்பது குற்றமாகாது.

அதற்காக வழக்கத்தையே மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கோயிலில் இதற்குச் சொல்லும் பெயரைக் கவனியுங்கள்: உத்தரவு. ஜோசியம் என்று யாரும் சொல்வதில்லை. உத்தரவு என்றால் கேட்டவன் எழுந்து ஏதாவது செய்ய வேண்டும். தண்ணீர் என்று உத்தரவு வந்தபோது நாம் என்ன செய்தோம்? காங்கேயத்துக்கு வடக்கே, நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிக் கிடந்தது. கடைசியில் 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம்தான் உத்தரவு போட வேண்டியிருந்தது. கடலில் வந்த தண்ணீரை ஆண்டவர் முன்பே சொன்னார் என்று பெருமைப்பட்டோம். பக்கத்து ஆற்றுத் தண்ணீரைப் பற்றித்தான் சொன்னாரோ என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. பேசியிருந்தால் பட்டறைக்காரரில் தொடங்கி, அந்தத் தொழிலை நம்பிச் சம்பாதித்த நம் சொந்தபந்தம் வரைக்கும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அந்த இடத்தில் ஆண்டவரைவிடத் தொழில் நமக்குப் பெரிதாக இருந்தது.

ஆகவே என் தீர்ப்பு: பெட்டியில் பிழையில்லை, அதை நிலவரப் பலகையாகப் படிக்கும் கண்ணில்தான் பிழை. கடவுளை முதலில் வைத்த ஆள் இந்த வழக்கத்தில் இருக்கவே இருக்கிறார், கனவு கண்டவர். வேலையைப் போட்டுவிட்டு மலையேறி வந்து, யார் என்ன நினைப்பார்களோ என்று பாராமல் கனவைச் சொல்கிறார். சொன்னதும் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை, சாமியிடம் பூ வைத்துக் கேட்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் பொருள் பெட்டிக்குள் போகும். சிவப்பு வந்தால் அதற்கும் தலைவணங்கி, கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு அவர் படியிறங்க வேண்டியதுதான். அவரை யாரும் படம் எடுப்பதில்லை.