நடை பழகும் நாள் எது?

"ஓராண்டு நிறைந்தும் குழந்தை நடக்கவில்லையே!" என்ற கவலை உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட இயக்க வளர்ச்சி அட்டவணை இதற்குத் தக்க மறுமொழி தருகிறது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து, தனித்து நடக்கத் தொடங்கும் பருவம் 8.2 முதல் 17.6 மாதம் வரை என்கிறது அது. நூற்றுக்கு ஏறத்தாழ 4 குழந்தைகள் முழங்காலூன்றித் தவழவே இல்லையாம்! ஒரு நாளைக் குறிக்காமல் கால எல்லையைக் காட்டியதே இதன் சிறப்பு.

குறையும் உண்டு. உட்காருதல் முதல் நடத்தல் வரையிலான 6 செயல்களோடு அட்டவணை நின்றுவிடுகிறது; பேச்சு, செவிப்புலன், விளையாட்டு பற்றி ஒன்றும் கூறவில்லை. எனவே, நடந்துவிட்ட குழந்தைக்கு எக்குறையுமில்லை என்று இதைக்கொண்டு முடிவுகட்டாதீர்கள். 18 மாதமாகியும் நடக்காவிட்டால் மருத்துவரை நாடுங்கள். அண்டை வீட்டுக் குழந்தையை மட்டும் அளவுகோலாக்காதீர்கள்.