இழக்காத நாட்களின் வெற்றி

2022 செப்டம்பர் 4 அன்று பிரான்சின் லே சாப்ல் தொலோன் துறையிலிருந்து 16 பேர் ஆளுக்கொரு சிறு பாய்மரப் படகில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். கோல்டன் குளோப் பந்தயத்தின் விதிகள் கடுமையானவை. படகின் நீளம் 36 அடிக்குள் இருக்க வேண்டும். வடிவமைப்பு 1988க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும். ஜிபிஎஸ் பார்த்து வழி கண்டுபிடிக்கக் கூடாது. செக்ஸ்டன்ட் கருவியும் காகித வரைபடமும்தான் துணை. எங்கும் நிற்காமல், யார் கையையும் எதிர்பாராமல் திரும்பி வர வேண்டும். அப்படித் திரும்பியவர்கள் மூன்றே பேர். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் 235 நாட்களில் முதலிடம் பிடித்தார். ஓய்வுபெற்ற இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 236 நாட்களில் இரண்டாவதாக வந்தார். இந்த முடிவை வெறும் துணிச்சல் கதையாகப் படித்தால் விளையாட்டின் நுட்பம் கை நழுவிவிடும். நெடுங்கடல் பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது, படகு ஓடிய வேகத்தைவிட, அது ஓட முடியாமல் போன நாட்களின் எண்ணிக்கைதான் என்பது என் வாதம்.

இதற்குப் படகின் இயல்பிலேயே ஆதாரம் இருக்கிறது. தண்ணீரைப் பிளந்து செல்லும் கனமான படகு, தானே எழுப்பும் அலையில் சிக்கிக்கொள்கிறது. நீர்மட்டத்தில் அதன் நீளம் எவ்வளவோ, அதற்கேற்ற உச்ச வேகத்தைத் தாண்டுவது அரிது. 36 அடிப் படகுக்கு அந்த எல்லை மணிக்கு ஏறத்தாழ 7 கடல் மைல். இன்னும் ஒரு பாயை ஏற்றினால் வேகம் பெரிதாகக் கூடாது. பாய்மரமும் கயிறுகளும் தாங்க வேண்டிய பாரம்தான் கூடும். ஏறத்தாழ 30,000 கடல் மைலை 235 நாட்களில் கடந்த நாய்ஷேஃபரின் சராசரி, மணிக்கு 5 கடல் மைலுக்குச் சற்று மேல். நிதானமாக மிதிக்கும் சைக்கிளின் வேகத்தைவிடக் குறைவு. உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியில்தான் பந்தயம் நடக்கிறது. காற்று எழும் முன்பே பாயைச் சுருக்குவது, தேய்ந்த கயிற்றை அறும் முன் மாற்றுவது, தூக்கத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்வது ஆகியவையே இங்கே ஆட்டத்திறன்.

சைமன் கர்வென்னின் கதையும் இதையே சொல்கிறது. பல வாரங்கள் முன்னணியில் இருந்த பிரிட்டிஷ் வீரர் அவர். காற்றின் திசைக்கேற்பச் சுக்கானைத் தானே திருப்பும் விண்ட்வேன் சாதனம் பசிபிக்கில் உடைந்தது. அது இல்லாமல் தனியாள் நிம்மதியாகத் தூங்க முடியாது. பழுது பார்க்கச் சிலிக் கரைக்கு ஒதுங்கியதால் முதன்மைப் பிரிவிலிருந்து நீங்கினார். அதன் பிறகும் நாய்ஷேஃபருக்கு முன்பே முடிவுக் கோட்டைத் தொட்டார். டோமியின் விண்ட்வேனும் சேதமானதுதான். அவர் படகின் கழிவறைக் கதவை அறுத்து மாற்றுத் தகடு செய்துகொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்.

இதெல்லாம் அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. பின்லாந்தின் தாப்பியோ லேதினன் நன்றாகத் தயாரித்த படகு, தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே சில நிமிடங்களில் மூழ்கியது. அதை யாருடைய கவனக்குறைவு என்றும் சொல்ல முடியாது. அவரை மீட்கத் திசை திருப்பியவர் நாய்ஷேஃபர்தான். அதற்காக அவருக்கு 35 மணி நேரச் சலுகை கிடைத்தது. அந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காமலே அவர் டோமியை முந்தியிருந்தார். கடல் எல்லோருக்கும் அடி கொடுக்கும். அடி வாங்கிய பின் எத்தனை நாள் வீணாகிறது என்பதில் தயாரிப்பின் பங்கு பெரிது. நாய்ஷேஃபரின் படகுக்கு நீர்மட்ட நீளம் அதிகம், அதனால்தான் வென்றார் என்பது இன்னொரு வாதம். விதிக்குள் நின்று சரியான படகைத் தேர்ந்தெடுத்ததும், கனடாவில் அதைப் புதுப்பிக்க நீண்ட காலம் உழைத்ததும் போட்டித்திறனில் சேர்ந்தவையே.

அப்படியானால் மெதுவாகப் போனாலே போதுமா? போதாது. 2018இல் தொடங்கிய பந்தயத்தில் இதே லேதினனின் படகடியில் கொட்டலசு என்னும் சிறு கடலுயிர்கள் அடர்ந்து ஒட்டி வேகத்தைக் குறைத்தன. கரை சேர அவருக்கு 322 நாட்கள் ஆயின. தாமதமும் நாட்களைத் தின்னும். எந்த இரவில் விரட்டுவது, எந்த இரவில் அடங்குவது என்ற முடிவில்தான் மாலுமியின் தரம் தெரிகிறது. 2018 பந்தயத்தில் புயலில் முதுகெலும்பு முறிந்து மீட்கப்பட்ட டோமி, நான்கே ஆண்டுகளில் திரும்பி வந்து இரண்டாமிடம் பெற்றதை இந்த அளவுகோலால் அளந்தால்தான் அதன் முழு மதிப்பு விளங்கும்.

டோமி மட்டுமல்ல, புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியும் சக அதிகாரி தில்னாவுடன் இணைந்து தாரிணி படகில் நான்கு துறைகளில் நின்று உலகைச் சுற்றி, 2025 மே மாதம் கோவா திரும்பினார். திறமை நம்மிடம் இருக்கிறது. நம் விளையாட்டு அமைப்புகளும் புரவலர்களும் கோப்பைக்குப் பணம் ஒதுக்கும் முன், படகைத் தயார் செய்யும் ஆண்டுகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். இந்த விளையாட்டில் வெற்றி அங்கேதான் தொடங்குகிறது.