பதினொரு பெயர்களும் ஒரு குழியும்

'தங்கலான்' வந்த வாரமே, 2024 ஆகஸ்டில், தர்மபுரியில் மாமாவோடு போய்ப் பார்த்தேன். மாமாவின் அப்பா தங்கவயலில் பூமிக்கடியில் ஷிஃப்ட் பார்த்தவர். எங்க பக்கம் பெரியவங்க யாரும் கே.ஜி.எஃப்னு சொல்றதில்லை, தங்கவயல்தான். வெளியே வந்து டீ குடிக்கும்போது மாமா சொன்னார்: "நல்லாத்தான்டா எடுத்திருக்கான். ஆனா எங்கப்பா இறங்குன குழி இதுல வரவே இல்லையே."

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதையில் அந்தக் குழி வராதுதான், மாமாவின் குறை நியாயமில்லாதது. ஆனாலும் அது என்னை விடவில்லை. பிரசாந்த் நீலின் 'கே.ஜி.எஃப்' படங்களில் சுரங்கம், நாயகன் உடைப்பதற்காகக் கட்டிய அடிமைக் கோட்டை. பா. ரஞ்சித் வட ஆர்க்காட்டு மக்களை அவர்களின் நிலத்தோடும் பசியோடும் கொண்டுவந்தார். பிறகு பொன்னின் தொன்மத்தில் மயங்கிவிட்டார். ரெண்டு பேருக்குமே சுரங்கம்னா தங்கம்தான். அந்தக் குழியிலிருந்து தங்கம் அல்லாத ஒன்றும் கிடைத்தது, அதை நம் சினிமாவும் இலக்கியமும் இன்னும் தொடவில்லை.

1965 ஆகஸ்டில் 'பிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பதினொரு பேர். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் என மூன்று இடத்துக்காரர்கள். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், மியாகே, உல்ஃபண்டேல் பெயர்கள் அதில் உண்டு. அண்டக்கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டதாக அச்சில் சொன்ன முதல் கட்டுரை அது. அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதிதான் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி மாவட்டம் பிறந்தது. ரெண்டுக்கும் சம்பந்தமில்லை, ஊர்ப்பாசத்தில் சொல்லி வைக்கிறேன்.

ஏன் தங்கவயல்? வானத்திலிருந்து மழை மாதிரி பொழியும் மியூவான் துகள்களை வடிகட்ட வேண்டும். நியூட்ரினோ பாறையைத் தாண்டி வந்துவிடும், மியூவான் வராது. சுமார் 2.3 கிலோமீட்டர் பாறைக்குக் கீழே உட்கார்ந்தால் அந்த இரைச்சல் அநேகமாக அடங்கிவிடும். ஸ்ரீகண்டன் 1950களின் தொடக்கத்திலேயே இதற்காக அங்கே இறங்கியவர். போருக்குப் பிறகு எழுந்துகொண்டிருந்த ஜப்பானும், காலனி விட்டுப்போன இங்கிலாந்தும், புதுசாகச் சுதந்திரம் வாங்கிய இந்தியாவும் ஒரே சுரங்கத்துக்குள் சேர்ந்ததற்குக் காரணம், அவ்வளவு ஆழமான குழி உலகத்தில் ரொம்பக் குறைவு.

இன்றைய பன்னாட்டுக் கூட்டாய்வில் நாடுகளின் பங்கு பணமாக மட்டும் இருப்பதில்லை, பொருளாகவும் தரலாம். பிரான்சில் கட்டப்படும் 'ஐட்டர்' இணைவு உலையில் இந்தியாவின் பங்கு சுமார் 9 சதவீதம். அதில் பெரும்பகுதி நாம் செய்து அனுப்பும் பாகங்கள்தான். இந்தக் கணக்கை 1965-க்குப் போட்டுப் பார்க்கிறேன். டர்ஹாம்காரர்கள் நியான் ஒளிக்குழாய்களைக் கொண்டுவந்தார்கள். ஒசாகாக்காரர்கள் கைத்திறனோடு வந்தார்கள். அணுசக்தித் துறையின் ஆதரவில் டாட்டா நிறுவனம் ஆளும் செலவும் தந்தது. சரி, குழி யாருடைய பங்கு? 1880களிலிருந்து வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து போனவர்கள், அதில் மிகப்பெரும்பாலும் தலித்துகள், தலைமுறை தலைமுறையாக வெட்டியது அது. பாறை வெடித்துச் செத்தவர்களும் சிலிக்கோசிஸில் நுரையீரல் போனவர்களும் வெட்டியது. ஆய்வின் பட்ஜெட்டில் குழிக்கு விலை பூஜ்யம்.

ஆராய்ச்சி மாணவியான என் தோழியிடம் இதைச் சொன்னேன். "அதுக்கு? சுரங்கத் தொழிலாளி பேரை பேப்பர்ல போடணுமா?" என்றாள். போட வேண்டாம். அந்த விஞ்ஞானிகளும் அதே லிஃப்டில், அதே வெக்கையில் இறங்கியவர்கள்தான். அவர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. என் சண்டை, இந்தக் கதையை இன்றுவரை 'குறைந்த செலவில் இந்தியா சாதித்தது' என்று எழுதிக்கொண்டே இருப்பவர்களோடு. செலவு குறையவில்லை. வேறு ஆட்கள் முன்னாடியே கட்டிவிட்டார்கள்.

இதில் தங்கவயல் தனியும் இல்லை. அதே 1965-இல், அதே துகளை அமெரிக்கரான ரைன்ஸின் குழு தேடிக் கண்டது தென்னாப்பிரிக்காவில், இன ஒதுக்கல் காலத்துத் தங்கச் சுரங்கம் ஒன்றில். அங்கேயும் குழி தோண்டியவர்கள் யாரென்று சொல்லத் தேவையில்லை.

குழியையும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதைத் தேனி காட்டியது. பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத்துக்குப் போட்ட மதிப்பீடு சுமார் 1,500 கோடி. அங்கே மலையைக் குடைவதற்கு முன்பே மக்கள் கேள்வி கேட்டார்கள். அவர்களின் சில பயங்கள் அறிவியல்படி தவறானவை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 'எங்க மலைக்கு என்ன கணக்கு' என்ற கேள்வி தவறில்லை. தங்கவயலில் அதைக் கேட்க யாருக்கும் வாய்ப்பே வரவில்லை.

தங்கவயல் ஆய்வுகள் 1990களின் தொடக்கத்தில் நின்றன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கமே மூடப்பட்டது. பம்பு நின்ற குழியில் தண்ணீர் ஏறியது. புரோட்டான் சிதைவைத் தேடுவதற்காகக் கீழே அடுக்கியிருந்த ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் மட்டும் தப்பித்து ஊட்டிக்குப் போயின. டாட்டா நிறுவனமும் ஜப்பானியர்களும் சேர்ந்து நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் அவை இன்றும் வேலை செய்கின்றன. 2014 டிசம்பரில் ஒரு இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததைக் கண்டுபிடித்தது அந்தக் குழாய்கள்தான். 2019-இல் அது வெளியானபோது உலகமே பேசியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

குழாய்களுக்கு இடமாறுதல் கிடைத்தது. ஆட்களின் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி திரும்புகிறார்கள். மாமாவிடம் ஊட்டிக் குழாய் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதைப் போய்ப் பாக்க விடுவாங்களாடா?" என்றார்.