கேளாமல் செய்யும் உதவி

புதிதாக வாங்கிய கணிப்பொறி சில நாட்களிலேயே தள்ளாடத் தொடங்குவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். நாம் எந்தக் கோப்பையும் திறக்கவில்லை. ஆயினும் வட்டின் விளக்கு ஓயாமல் இமைக்கிறது. “வைரஸ் புகுந்துவிட்டது” என்பார் ஒருவர். “நினைவகம் போதாது, கூட்டிப் போடுங்கள்” என்பார் மற்றொருவர். பல வேளைகளில் காரணம் இவ்விரண்டும் அன்று. கணிப்பொறி நம்மைக் கேளாமலேயே நமக்கு ஓர் உதவி செய்துகொண்டிருக்கிறது. அந்த உதவியின் தன்மை யாது? அதற்கு நாம் கொடுக்கும் விலை நியாயமானதா? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

அடைவு என்றால் என்ன?

ஆயிரம் பக்க நூலில் ‘ஒளிவிலகல்’ என்னும் சொல் எங்கெங்கு வருகிறது என்று அறிய இரு வழிகள் உள்ளன. முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை புரட்டலாம். அல்லது நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் பார்க்கலாம். அடைவைத் தயாரிப்பது கடும் உழைப்பு. ஆனால் ஒருமுறை தயாரித்துவிட்டால் தேடுவது நொடி வேலை.

கணிப்பொறியும் இதையே செய்கிறது. ஒவ்வொரு கோப்பையும் திறந்து, சொற்களைப் பிரித்து, எந்தச் சொல் எந்தக் கோப்பில் உள்ளது என்று பட்டியலிட்டு வைக்கிறது. கூகிள் நிறுவனம் 2004-இல் இத்தகைய மென்பொருள் ஒன்றைத் தனியாக வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனம் 2005-இல் ‘ஸ்பாட்லைட்’ என்ற பெயரில் தன் இயக்கமென்பொருளிலேயே இதைச் சேர்த்தது. 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், பயன்படுத்துவோர் ஒன்றும் செய்யாமலே இவ்வேலை தானே தொடங்கும்படி அமைக்கப்பட்டது. கருத்து மிக உயர்ந்தது; அதில் ஐயமில்லை. குறை, அது நிறைவேற்றப்படும் முறையில் உள்ளது.

வட்டின் கணக்கு

பழைய கணிப்பொறிகளில் உள்ள சுழல்வட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதாவது நொடிக்கு 120 சுற்று; ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்கு நேரே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லிநொடி ஆகும். முனையைத் தாங்கும் கை உரிய தடத்திற்கு நகர ஏறத்தாழ 9 மில்லிநொடி. ஆக, ஓரிடத்தைத் தேடி அடைய 13 மில்லிநொடி. நொடிக்கு 75 இடங்களை மட்டுமே அடைய முடியும்!

வட்டில் ஒரு லட்சம் கோப்புகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றுக்கும் முனை மூன்று இடங்களுக்குச் சென்று வரவேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சத்தை 13 மில்லிநொடியால் பெருக்கினால் 3,900 நொடிகள். முனையின் அலைச்சல் மட்டுமே ஒரு மணி நேரத்திற்கு மேல். நகரும் பாகங்கள் அற்ற திண்மநிலை வட்டில் ஓரிடத்தை அடைய 0.1 மில்லிநொடி அளவே ஆகும். அங்கு இதே அலைச்சல் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இருவர் ஒரு வட்டைப் பங்கிட்டால் வேகம் பாதியாகும் என்றுதானே எண்ணுவோம்? அது தவறு. நொடிக்கு 100 மெகாபைட் தொடர்ச்சியாகப் படிக்கும் வட்டில், இரு வேலைகள் 64 கிலோபைட் வீதம் மாறி மாறிப் படித்தால், ஒவ்வொரு முறையும் படிப்பதற்கு 0.64 மில்லிநொடியும் இடம் மாறுவதற்கு 13 மில்லிநொடியும் ஆகும். மொத்த வேகமே நொடிக்கு 5 மெகாபைட்டுக்குக் கீழே விழுந்துவிடும். இயக்கமென்பொருள் இந்நிலையைத் தவிர்க்கப் பல உத்திகளைக் கையாள்கிறது. எனவே இதை மிக மோசமான நிலையின் கணக்காகவே கொள்ள வேண்டும். ஆயினும் சிறு குறுக்கீடு பெருந்தடையாவது எப்படி என்பது இதிலிருந்து விளங்கும். நினைவகத்தைக் கூட்டுவதால் முனையின் கை விரைவாக நகரப்போவதில்லை என்பதும் விளங்கும்.

ஓய்வு நேரம் யாருடையது?

அமைத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். விஸ்டா முதலே அடைவு வேலைக்கு வட்டில் தாழ்ந்த முன்னுரிமைதான் தரப்படுகிறது. நாம் தட்டச்சு செய்யத் தொடங்கினால் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2020 மே மாதம் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பில், வட்டின் பளுவைக் கண்டு பின்வாங்கும் முறை மேலும் திருத்தப்பட்டது. இவை பாராட்டுக்குரியவை.

எனினும் இந்த ஏற்பாடு முழுவதும் ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது. கணிப்பொறி நாள் முழுதும் இயங்கும், இடையிடையே ஓய்ந்திருக்கும் என்பதே அந்த ஊகம். கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். பாடவேளை தொடங்கும்போது இயக்குகிறார்கள், முடிந்ததும் அணைக்கிறார்கள். அங்கு ஓய்வு என்பதே இல்லை. சில கூடங்களில் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் வட்டு பழைய நிலைக்கே திரும்பும்படி அமைத்திருப்பார்கள். அன்று எழுதிய அடைவு அன்றே அழியும். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து! ஒரு மணி நேரச் செய்முறை வகுப்பில் பத்து நிமிடம் இழக்கும் மாணவனுக்கு அது சிறிய இழப்பன்று.

2007-இல் கூகிள் நிறுவனம், விஸ்டாவின் தேடல் வசதி போட்டியாளர்களுக்கு இடையூறாக உள்ளது என்று அமெரிக்க நீதித்துறையிடம் முறையிட்டது. அவ்வாண்டு ஜூனில் மைக்ரோசாஃப்ட் மாற்றம் செய்ய இசைந்தது. எந்த நிறுவனத்தின் தேடலைப் பயன்படுத்துவது என்ற உரிமை இதனால் கிடைத்தது. ஆனால் “இவ்வேலையை எப்போது தொடங்கலாம்?” என்று பயன்படுத்துவோரைக் கேட்கும் வழக்கம் மட்டும் வரவில்லை. ‘உங்கள் கோப்புகளுக்கு அடைவு தயாரிக்கவேண்டும், இப்போதா, இரவிலா?’ என்று ஒரு வரி கேட்டிருந்தால் எத்தனை குழப்பம் தீர்ந்திருக்கும்!

தமிழ்க் கோப்புகளின் நிலை

நம்மவர்க்கு இதில் தனி வருத்தமும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே ஆங்கில எழுத்துகளாகவும் அரைப்புள்ளி போன்ற குறிகளாகவுமே உள்ளன. அடைவு தயாரிக்கும் மென்பொருளுக்கு அவை பொருளற்ற எழுத்துக் கோவைகள். அவற்றையும் அது உழைத்துப் பட்டியலிடும்; ஆனால் யூனிகோடில் ‘மரம்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. படமாகப் பிடித்துச் சேர்த்த பழைய நூல்களிலோ, எழுத்துணரி கொண்டு மாற்றப்பட்டாலன்றி, சொல் என்பதே கிடையாது. அவை நிறைந்த வட்டில், வேகத்தை இழந்தும் பயன் கிட்டாமல் போகிறது.

நிறுத்துவதா, குறைப்பதா?

பழுது பார்ப்போர் பலர் ‘விண்டோஸ் சர்ச்’ என்னும் சேவையையே அடியோடு நிறுத்திவிடச் சொல்கின்றனர். இதுவும் எல்லோர்க்கும் ஏற்ற வழியன்று. நிறுத்தினால் கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தேடுவது மிக மெதுவாகும்; அவுட்லுக்கில் கடிதம் தேடுவதும் பாதிக்கப்படும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாகாது.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வட்டை அதிகம் பயன்படுத்துவது எது என்று பாருங்கள். அது வைரஸ் தடுப்பு மென்பொருளாகவோ, புதுப்பிக்கும் வேலையாகவோகூட இருக்கலாம். ‘சர்ச் இண்டெக்சர்’ என்பதே மேலே நின்றால், கண்ட்ரோல் பேனலில் ‘இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குச் செல்லுங்கள். தேடத் தேவையில்லாத கோப்புறைகளை, குறிப்பாகப் பழைய எழுத்துருக் கோப்புகளும் படநூல்களும் உள்ளவற்றை, நீக்கிவிடுங்கள். கோப்பின் பெயர் தெரிந்தால் போதும் என்னும் வகைகளுக்கு உள்ளடக்க அடைவு வேண்டாம் என்று குறிக்கலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தேடல் அமைப்பு ‘என்ஹான்ஸ்டு’ என்றிருந்தால் ‘கிளாசிக்’ என மாற்றுங்கள். முழுக் கணிப்பொறிக்குப் பதிலாக முக்கியக் கோப்புறைகள் மட்டுமே அடைவில் சேரும். பின்னர் ஓர் இரவு கணிப்பொறியை அணைக்காமல் விட்டுவைத்தால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அடைவு கெட்டுப்போனாலொழிய ‘ரீபில்ட்’ பொத்தானைத் தொடாதீர்கள். எல்லாம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

அணைக்கும்தோறும் பழைய நிலைக்குத் திரும்பும் கூடக் கணிப்பொறிகளுக்கு மட்டும் சேவையை முற்றிலும் நிறுத்துவதே பொருத்தம். அங்கு தேடவேண்டிய சொந்தக் கோப்பு என்று ஒன்றும் இல்லை.

அடைவு நல்ல வேலைக்காரன். ஆனால் எஜமானர் படுத்திருக்கிறாரா, படித்துக்கொண்டிருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுக்கும் பண்பு அதற்கு இன்னும் முழுமையாக வரவில்லை. அமைப்பவர்கள் அதைக் கற்பிக்கும்வரை, எந்த அறையைப் பெருக்கவேண்டும், எதைப் பெருக்கவேண்டாம் என்று நாமே சொல்லி வைப்போம். புதிய நினைவகத்திற்குப் பணம் எடுக்கும் முன், பத்து நிமிடம் செலவிட்டு இதைச் செய்து பாருங்கள்.