மங்கலான தானம்

ஜி.பி.எஸ். அமெரிக்கா கொடுத்த இலவசம் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். 1983-ல் வழிதவறிய கொரிய விமானத்தை சோவியத் சுட்டு வீழ்த்தி 269 பேர் செத்த பிறகு, தயாரானதும் எல்லோருக்கும் தருவதாகச் சொன்னார் ரீகன். நல்ல மனசுதான்! ஆனால் 1990-ல் சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்தார்கள். நூறு மீட்டர் வரை தப்பும். நீங்கள் பக்கத்துத் தெருவில் நிற்பதாகக்கூடச் சொல்லும்.

அதே வருஷம் வளைகுடா நெருக்கடி. ராணுவத்திடம் போதுமான கருவிகள் இல்லை. கடைச் சரக்கையே வாங்கிப் பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். உடனே பிழை காணாமல் போனது. யுத்தம் முடிந்ததும், 1991-ல் திரும்ப வந்துவிட்டது! நமக்கு? கிளின்டன் மனசு வைத்த 2000 மே வரை காத்திருப்பு. மறுநாள் அதே பழைய கருவி, பைசா செலவில்லாமல் பத்து மடங்கு துல்லியம். செல்போன் மேப்பெல்லாம் அப்புறம்தான். பிழை கலக்கும் வசதியே இல்லாத சாட்டிலைட் வாங்குவோம் என்று அறிவிக்க 2007 ஆயிற்று.