திறனற்ற உடல்கள்: 'மரவெட்டிக்குப் பயிற்சி' என்னும் சொல்லாடல் குறித்து

காட்டுத் தொழிலாளர்களுக்குச் 'சூழலியல் பயிற்சி', 'செயல்திறன் பயிற்சி' என்கிற பேச்சு அரசு, தன்னார்வக் குழு, உலக நிறுவனம் என்று மூன்று திசையிலிருந்தும் வருகிறது. யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்று மட்டும் யாரும் கேட்பதாக இல்லை.

ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 1996இல் மர அறுவடைக்கென்று ஒரு மாதிரி விதித்தொகுப்பை வெளியிட்டது. இந்த வகைக் கையேடுகளில் தவறாமல் வரும் பாடம் ஒன்று: மரத்தை நினைத்த பக்கம் சாய்ப்பது. சாய வேண்டிய பக்கம் முதலில் ஒரு வெட்டு. எதிர்ப்பக்கம் சற்று மேலே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கதவுக் கீல் மாதிரி ஒரு பட்டை மரத்தை அறுக்காமல் விடுவது. வாழவந்தியில் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் வேலை செய்யும் ஒரு பெரியவருக்கு இதைத் தமிழில் சொன்னேன். "இத யாரு தம்பி எழுதினது? நாம பண்றதத்தான எழுதியிருக்கான்" என்றார். பிறகு கையேட்டில் இல்லாததைச் சொன்னார். மரத்தில் மிளகுக்கொடி, அடியில் காப்பிச்செடி. முதலில் ஏறிக் கிளைகளைக் கழிக்க வேண்டும். அப்புறம் கயிறு கட்டி, இரண்டு செடி வரிசைக்கு நடுவில் படுக்கவைக்க வேண்டும். செடி முறிந்தால் கணக்கு அவர் தலையில்.

இது சின்ன விஷயம் அல்ல. 1878இல் டேராடூனில் வனப்பள்ளி, 1912இல் கோவையில் சென்னை மாகாண வனக் கல்லூரி. இரண்டும் மேற்பார்ப்பவனை உருவாக்க வந்தவை. கோடாலி பிடித்தவன் அங்கே செலவுக் கணக்கில் ஒரு பத்தி. 1864இல் இந்திய வனத்துறையின் முதல் தலைவரான பிராண்டிஸ், அதற்கு முன் பர்மாவில் இருந்தபோது, கரேன் மக்களின் மலைப்புன விவசாயத்துக்குள்ளேயே தேக்கை நடவைத்தவர். மலைப்புனத்தைக் குறிக்கும் 'டாங்யா' என்கிற பர்மியச் சொல் 'அறிவியல் வனவியலின்' கலைச்சொல்லாகிப் பாடப்புத்தகம் ஏறியது. அதே வனவியல் 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தை வைத்துக்கொண்டு நம் மலைகளின் புனக்காட்டை ஒடுக்கியது. தொழிலாளியின் கையிலுள்ள அறிவையெல்லாம் நிர்வாகம் திரட்டி விதிகளாக்கிக்கொள்ள வேண்டும் என்று டெய்லர் 1911இல் ஆலைக்குச் சொன்னார். காட்டில் அது முன்னமே நடந்துவிட்டது.

சூழலியல் பாடம் வேறு. சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தது 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன். அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மலையின் மரவகையையே மாற்றிவிட்டு, அதில் ஏறுகிறவனுக்குச் சூழல் வகுப்பு எடுப்பது கூச்சமில்லாத காரியம்தான். (நாங்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? எம்.ஏ. தமிழில் மனப்பாடம் செய்த குறிஞ்சிக் கருப்பொருள் பட்டியலில் தேன் அழித்தல், கிழங்கு அகழ்தல், தினை காத்தல் எல்லாம் உண்டு. அந்தத் தினைக்காக மரத்தை வெட்டியவன் பட்டியலில் இல்லை.)

சட்டத்தின் மொழியில் இந்த உடல் எப்படிக் கட்டமைக்கப்படுகிறது? 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் குழி தோண்டுவதையும் மரம் நடுவதையும் 'திறன்சாரா உடலுழைப்பு' என்று எழுதியது. ஆனால் இதே உடலின் திறன் இன்னொரு இடத்தில் நன்றாக அடையாளம் காணப்படுகிறது. செம்மரத்தில் விலைபோவது வைரம் மட்டுமே. வெளிமரத்தைச் செதுக்கி வைரத்தைச் சேதமில்லாமல் எடுக்கக் கை பழகியிருக்க வேண்டும். தரகர்கள் ஜவ்வாது மலைக்கும் சித்தேரி மலைக்கும் ஆள் தேடி வந்தது அதனால்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படை சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழகத்தவர். பலர் மலையாளிப் பழங்குடியினர். நம் சேர்வராயன் மலையில் இருப்பதும் அதே இனம்தான். 1992 ஜூன் 20 அன்று சித்தேரி அடிவாரத்து வாச்சாத்தியில் சந்தன மரத்தின் பெயரால் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நிகழ்த்திய வன்முறைக்குத் தீர்ப்பு வர 2011 ஆனது. அதை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது 2023இல். கூலிப் பதிவேட்டில் திறனற்றவன். வழக்குக் கட்டில் கைதேர்ந்தவன். நடுவில் வேறு பெயர் அவனுக்குக் கிடையாது.

இங்கே நம்மவர்களின் வசதியான நிலைப்பாடு ஒன்றையும் கேள்விக்குட்படுத்தியாக வேண்டும். 'பழங்குடிக்கு எல்லாம் தெரியும், பயிற்சி என்பதே அதிகாரம்' என்று நாற்காலியில் இருந்து எழுதிவிடலாம். நானும் எழுதியிருக்கிறேன். கோடாலிக்குப் பழகிய கைக்கு மோட்டார் ரம்பம் புதிது. நுனி எதிலாவது பட்டால் அது பிடித்திருப்பவனின் முகத்தை நோக்கித் திருப்பி அடிக்கும். மரபறிவில் அதற்கு விடை இல்லை. பெரியவரின் மச்சான் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். இடுப்பில் பெல்ட் இல்லை. அன்றைய பதிவேட்டில் அவர் பெயரும் இல்லை. அந்த உடலை 'எதிர்ப்பின் களம்' என்று வாசிப்பது எனக்குக் கூசுகிறது.

ஆக, பயிற்சி வேண்டாம் என்பதல்ல. ஏறுவதற்கு முன் பதிவேட்டில் பெயர், இடுப்புக்குப் பெல்ட், விழுந்தால் இழப்பீடு, திறனுள்ளவனுக்கான கூலி: இவை இல்லாத பாடத்திட்டம், விபத்து நடந்த பிறகு "சொல்லிக்கொடுத்தோமே, அவன் கேட்கவில்லை" என்று கைகழுவத்தான் பயன்படும். பாடம் எழுதும் மேசையில் ஏறுகிறவனுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.

பெரியவரிடம் கடைசியாகக் கேட்டேன், பயிற்சி என்று கூப்பிட்டால் போவீர்களா என்று.

"போலாம் தம்பி. ஏறுறப்ப பயமில்ல, எறங்குறப்பதான். அதுக்கு எதாச்சும் சொல்லிக்கொடுத்தா நல்லதுதான். அன்னிக்குக் கூலி யாரு குடுப்பா?"