கோச் நிறைய ஆட்கள்

'கோச்' என்றதும் நமக்கு ரயில் பெட்டி ஞாபகம் வரும், அப்புறம் கிரிக்கெட். வார்த்தையின் பூர்விகம் ஹங்கேரி. அங்கே கோச் என்ற கிராமத்தில் செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. 19-ம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், பரீட்சையில் தங்களை இழுத்துக்கொண்டு போய்க் கரை சேர்த்த டியூஷன் வாத்தியாரைக் கிண்டலாக 'கோச்' என்றார்கள். இப்போது அந்த வண்டியில் கூட்டம் கூட்டமாக ஏற்றுகிறார்கள்.

பெயர், குரூப் கோச்சிங். புதிதாக மேனேஜர் ஆனவர்கள், பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்கள், சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்கள்... ஒரே மாதிரி சிக்கல் உள்ள எட்டு, பத்துப் பேரைச் சேர்த்து ஒரு பயிற்சியாளர் வாராவாரம் பேசவைப்பார். 2020 கொரோனா ஊரடங்கில் எல்லோரும் ஜூமில் பேசப் பழகிவிட்டதால் ஹால் வாடகையும் மிச்சம்.

பி.காம். புத்தி முதலில் கணக்கைத்தான் பார்க்கும். பேச்சுக்கு, கோச்சின் ஒரு மணி நேரம் 5,000 ரூபாய் என்று வையுங்கள். தனியாகப் போனால் அத்தனையும் உங்கள் தலையில். எட்டுப் பேர் ஆளுக்கு 1,000 கொடுத்தால் உங்களுக்கு 4,000 மிச்சம், கோச்சுக்கு 3,000 கூடுதல். இரண்டு பக்கமும் ஜெயிக்கிற வியாபாரம் அபூர்வம். பேஷ்!

ஆனால் கணக்கு எட்டோடு நிற்க மாட்டேன் என்கிறதே. எண்பது பேர், ஆளுக்கு 200 என்றால் 16,000. எண்ணூறு பேர், ஆளுக்கு 99 என்றால்... நீங்களே போட்டுப் பாருங்கள். ஆள் ஏற ஏற உங்களுக்கு விலை இறங்குகிறது, கோச்சுக்கு வருமானம் ஏறுகிறது. நடுவில் ஒன்று மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. நீங்கள் வாய் திறக்கும் நேரம். எட்டுப் பேர் என்றால் மணிக்கு ஆளுக்கு ஏழரை நிமிடம் (இது நல்ல ஏழரை). எண்பது என்றால் 45 விநாடி. பெயரையும் ஊரையும் சொல்வதற்குள் அடுத்தவர் மைக்கை ஆன் செய்துவிடுவார். எண்ணூறுக்கு என்ன பெயர் வைத்தாலும் அது சொற்பொழிவுதான். அதற்கு 'குரூப் கோச்சிங்' என்று லேபிள் ஒட்டுவதுதான் என் புகார்.

ஏனென்றால், இதன் நல்ல வம்சம் வேறு மாதிரி இருந்தது. ரெக் ரெவன்ஸ் என்று ஓர் ஆங்கிலேயர். இயற்பியல் படித்தவர், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் நீளம் தாண்டியவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் பயிற்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது. வேறு யாராவது என்றால் நாலு பேராசிரியர்களைக் கூப்பிட்டு லெக்சர் வைத்திருப்பார்கள். இவர் சுரங்க மேனேஜர்களையே சின்னச் சின்னக் குழுவாக உட்காரவைத்தார். ஒருவர் தன் சுரங்கத்துத் தலைவலியைச் சொல்ல வேண்டியது, மற்றவர்கள் கேள்வி கேட்டே குடைய வேண்டியது. 'ஆக்‌ஷன் லேர்னிங்' என்று பின்னால் பெயர் வந்தது. நடுவில் நிபுணர் என்று ஒருவர் உட்கார்ந்தால் காரியம் கெடும் என்பதில் மனிதர் கடைசி வரை உஷார். 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட், குடும்ப டாக்டர்களை இப்படித்தான் கூட்டி, தங்களைப் படுத்தி எடுக்கும் நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். பாலின்ட் குழுக்கள் இன்றும் நடக்கின்றன.

இன்னொரு வம்சமும் உண்டு. கார் விற்று, என்சைக்ளோபீடியா விற்று, 1971-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் 'எஸ்ட்' பயிற்சி ஆரம்பித்தார் வெர்னர் எர்ஹார்ட். ஹோட்டல் ஹாலில் 200 பேருக்கு மேல், இரண்டு வார இறுதி, சுமார் 60 மணி நேரம். நினைத்தபோது பாத்ரூம்கூடப் போக முடியாது. 1984 வரை ஓகோ என்று ஓடியது. இன்றைக்கு ஸ்கிரீனில் ஒருவர் கத்தி, 'எஸ் என்று டைப் பண்ணுங்க' என்று நம்மை உசுப்பேற்றும்போது எனக்கு ரெவன்ஸ் ஞாபகம் வருவதில்லை, எர்ஹார்ட் ஞாபகம்தான் வருகிறது.

'பிடிக்கலேன்னா விட்டுட்டுப் போங்க சார், காசு போனா போகுது' என்பீர்கள். காசு மட்டும் போனால் பரவாயில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் 200 பேரைப் பல வகை 'என்கவுன்ட்டர்' குழுக்களில் சேர்த்து (நம் ஊர் போலீஸ் என்கவுன்ட்டர் அல்ல, மனம் திறந்து பேசும் குழு) லீபர்மேன், யாலோம், மைல்ஸ் என்ற மூவர் ஆராய்ந்து, 1973-ல் புத்தகம் போட்டார்கள். நிறையப் பேருக்கு நல்லது நடந்திருந்தது. ஆனால், முழுசாக முடித்தவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் போல, ஆறாத மனக்காயத்தோடு வெளியே வந்திருந்தார்கள். காயம் எங்கே அதிகம்? தலைவர் வசீகரமாக, அதிரடியாக, ஆளைச் சீண்டிச் சீண்டிப் பேசவைத்த குழுக்களில். அது கோச்சிங் இல்லை, வாஸ்தவம். ஆனால் நாலு பேர் முன்னால் ஒருவரை உடைத்துக் காட்டினால் கைதட்டல் வரும் என்கிற சூத்திரம் அதேதான். நம் நாட்டில் கோச் என்று போர்டு மாட்ட லைசென்ஸ் எதுவும் வேண்டாம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு சான்றிதழ் கொடுக்கிறது, நெறிமுறை வைத்திருக்கிறது. அதில் சேர்வதும் சேராததும் அவரவர் இஷ்டம்.

லேட்டஸ்ட் வரவு ஏ.ஐ. ஜூமில் ஒரு ஓரமாக, முகமில்லாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் அழகாகச் சுருக்கியும் தரும். கோச்சுக்குக் கை வலி மிச்சம். ஆனால் கம்பெனி காசில் நடக்கும் குரூப்பில், 'என் பாஸைப் பார்த்தாலே வயித்தைக் கலக்குது' என்று ஒரு பெண் மனசுவிட்டுச் சொல்கிறார் என்று வையுங்கள். முன்பெல்லாம் அது அந்த எட்டுப் பேரின் காதோடு போகும். இப்போது தேதி, நேரம், பெயரோடு ஒரு ஃபைலாகிவிடுகிறது. இன்க்ரிமென்ட் சமயத்தில் அந்த ஃபைல் யார் கம்ப்யூட்டரில் இருக்கும்?

பணம் கட்டும் முன் இதை மட்டும் கேளுங்கள். எத்தனை பேர், நான் பேச எத்தனை நிமிடம் என்பதற்கெல்லாம் பதில் சுலபமாக வந்துவிடும். ரெக்கார்டிங் யாரிடம் இருக்கும், எப்போது அழிப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாட்சைப் பாருங்கள்.